வெயில் விழாத கூரை

சோலர் பொருத்துகிறவர் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று நல்ல வெயில். அதாவது தெமோதரைப் பக்கம் நல்ல வெயில், எதிர் மலையில் நல்ல வெயில், தோட்டத்துத் துரையின் பங்களா முற்றத்தில் கண் கூசும் வெயில். எங்கள் வீட்டுக் கூரையில் மட்டும் ராத்திரிப் பனியின் ஈரம்கூடக் காயவில்லை. ஏணி வைத்து ஏறியவர் மேலே நின்றபடி நாலாபக்கமும் பார்த்தார். கையிலிருந்த போனை மலைப் பக்கம் நீட்டி என்னவோ அளந்தார். இறங்கி வந்து, நான் கொடுத்த பிளேன்டீயை வாங்கிக்கொண்டு, சாவு வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார்.

"டீச்சர், ஒங்க கூரையில வெயிலே இல்லையே."

உள்ளே நாற்காலியில் இருந்த என் கணவருக்கு அது கேட்டுவிட்டது. "சூரியனும் தொர பக்கந்தான் போல" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆனது. வந்தவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துகொண்டார்.

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் எல்லாம் அந்த நிலத்தின்மேல்தான். லயத்தில், தோட்டத்து வரிசை அறையில், பிறந்து, லயத்தில் வளர்ந்து, லயத்துக்கே மருமகளாகிப் போன பரம்பரை எங்களுடையது. சொந்த வீடு என்று ஒன்று எங்களுக்கு முதன்முதலாகக் கிடைத்தது இங்கேதான். நமுனுகுல மலையின் மடிப்பில், தோட்டத்துக்காரர்கள் அளந்து கொடுத்த துண்டு நிலத்தில், வரிசையாகச் சில வீடுகள். சாவியைக் கையில் வாங்கியபோது அழுதேன். தேயிலையே வளர மறுத்த மூலையைத்தான் எங்களுக்குத் தந்திருக்கிறார்கள் என்பது குடிவந்த பிறகுதான் விளங்கியது. காலையில் பள்ளிக்கூடத்தில் முதல் பாடம் முடிந்த பிறகுதான் மலைக்குப் பின்னாலிருந்து வெயில் எட்டிப் பார்க்கும். பகல் சாப்பாடு முடிவதற்குள் பனிமூட்டம் வந்து அதையும் மூடிவிடும். கூரை எங்களுடையது. அதன்மேல் விழ வேண்டிய வெயில் மட்டும் எங்களுடையது இல்லை.

கரண்ட் ஒன்றும் எங்களுக்கு ஆடம்பரத்துக்குத் தேவைப்படவில்லை. என் கணவர் பல வருஷம் ஸ்டோரில் வேலை செய்தவர். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். தூள் சலிக்கும் அறையில் மெஷின்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அந்தத் தூசு மார்புக்குள் போய்க் குடியேறிவிட்டது. கடைசியில் வாசலிலிருந்து அடுப்படிக்கு நடக்க மூச்சுப் போதாத நிலைமை. பதுளை கிளினிக்கில் யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர், அறைக் காற்றிலிருந்தே ஒக்சிசனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் ஒன்றுக்கு ஏற்பாடு செய்து தந்தார். "இதை நிப்பாட்டாமல் வைச்சிருக்க வேணும். விளங்குதே, அம்மா?" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார். எனக்கு விளங்கியது. மின்சாரக் கம்பிக்கு யார் விளங்க வைப்பது?

எங்கள் பக்கத்துக்குக் கரண்ட் வரும் கம்பி டர்பன்டைன் மரக் காட்டுக்குள்ளால் வருகிறது. அழுத்தி ஒரு காற்று அடித்தால் ஒரு கிளை விழும். கிளை விழுந்தால் கரண்ட் போகும். போன கரண்ட் எப்போது வரும் என்று யாரும் சொல்வதில்லை. கரண்ட் போன அந்த நொடியே மெஷின் கீச்சென்று கத்தத் தொடங்கும். அந்தச் சத்தத்துக்கு எங்கள் வீட்டுக்குள் ஓடி வராத ஆள் அந்த வரிசையில் இல்லை. அவசரத்துக்கென்று ஒரு சிலிண்டர் மூலையில் நிற்கும். அது தீரத் தீரப் பதுளைக்குக் கொண்டுபோய் நிரப்பி வர வேண்டும். அது குறையும்போது அவர் அதன் மீட்டர் முள்ளைப் பார்ப்பார். நான் பார்க்காத மாதிரி இருப்பேன்.

சோலர் இல்லையென்றால் வேறு என்ன? அந்த ஒரு கேள்வியோடுதான் எங்கள் வீடு அந்த வருஷம் முழுக்க விழித்து எழுந்தது. முதலில் பட்டரி வாங்கினோம். கம்பியில் கரண்ட் இருக்கும்போது நிரம்பி, இல்லாதபோது கொடுக்கும் சாமான். நல்ல சாமான்தான். ஆனால் ஒரு பகல்கூடத் தாங்காது, நிரம்புவதற்கு அதற்கும் அதே கம்பிதான் வேண்டும். ஜெனரேட்டர் வைத்தால் புகை வரும். மூச்சு இல்லாத மனுஷனுக்குப் பக்கத்தில் புகையை வைத்து எந்த உயிரைக் காப்பாற்றுவது? மேலே மேட்டில் வெயில் விழும் இடத்தில் ஒரு கம்பம் நட்டு, அதில் தகட்டை வைத்து வயர் இழுத்துக்கொள்கிறோம் என்று தோட்டத்து ஒபிஸில் கேட்டுப் பார்த்தேன். பிஸ்கட் கொடுத்து உட்கார வைத்து, மரியாதையாக மாட்டேன் என்றார்கள். எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் தோட்டத்து நிலம். இந்தப் பக்கம் நான் வீட்டுக்காரி, அந்தப் பக்கம் பழையபடி கூலிக்காரன் மகள்.

அடுத்தது காற்று. என் கொழுந்தன், அவருடைய தம்பி, பதுளையில் வாகனங்களுக்கு வயரிங் செய்கிறவன். கையில் எது கிடைத்தாலும் அதைச் சுற்ற வைத்துப் பார்க்கும் ஆள். தகரத்தை வெட்டி இறக்கை செய்து, பழைய லொறி டைனமோ ஒன்றை மாட்டி, வீட்டு மூலையில் நிறுத்தினான். மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று தொடங்கிய முதல் வாரம் அது சுற்றிய சுற்றில் பல்பு கண்ணைப் பறித்தது. "பாத்தீங்களா அண்ணி" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். இரண்டாவது வாரம் அதே காற்று இறக்கையைக் கழற்றி எடுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டு அக்காவின் போஞ்சிப் பாத்தியில் குத்தி நிறுத்தியது. அக்கா அதைத் தலையில் சுமந்துகொண்டு வந்து எங்கள் வாசலில் போட்டார். "தம்பி, அடுத்த வாட்டி எங்கள கொல்றதுன்னா சொல்லிட்டுக் கொல்லு" என்றார். என் கணவர் அன்றைக்கும் சிரித்தார். அந்தச் சிரிப்புச் சத்தத்தை நான் இப்போதும் சில நேரம் தேடிப் பார்க்கிறேன், சரியாக வருவதில்லை.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொழுந்து பறிக்கிறவர், பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார். பிறந்தது கொஸ்லந்தைப் பக்கம், மீரியபெத்தையில். மலை சரிந்து இறங்கிய அன்று அவர் பெரட்டுக்கு, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தபோது லயம் இருந்த இடம் இல்லை. அம்மாவும் தங்கச்சியும் அந்த மண்ணுக்குள்தான் இன்னும் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் அவர் சுவரில் காதை வைத்துத்தான் தூங்குவார். கேலி செய்கிறவர்கள்கூட அதைக் கேலி செய்ததில்லை.

தண்ணீர் யோசனை என் கணவருடையது. "வெள்ளக்காரன் காலத்துல இந்த மலத் தண்ணியிலதானே ஸ்டோரே ஓடிச்சு" என்றார் ஒரு நாள், நாற்காலியில் இருந்தபடியே. உண்மைதான். ஸ்டோருக்குக் கீழே துருப்பிடித்த பெரிய சக்கரம் ஒன்று இன்னும் கிடக்கிறது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடை ஒன்று இறங்குகிறது. உயரத்திலிருந்து குழாயில் தண்ணீரை இறக்கிச் சின்னச் சக்கரம் ஒன்றைச் சுற்ற வைத்தால் வெயிலும் வேண்டாம், காற்றும் வேண்டாம். கொழுந்தன் அன்றைக்கே சக்கரம் தேடக் கிளம்பிவிட்டான்.

ஆனால் ஓடையில் ஒரு சிக்கல் இருந்தது. அந்தத் தண்ணீர்தான் கீழே பழைய லயங்களுக்குப் பீலியில், எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் குழாயில், போய் விழுகிறது. குடிப்பதும் குளிப்பதும் அதில்தான். பீலித் தண்ணீரை மேலே இருக்கிறவன் மறிக்கக் கூடாது. இது எங்கள் தோட்டங்களில் எங்கும் எழுதி வைக்காத சட்டம். கல்யாணம் நின்றிருக்கிறது, அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாமல் போயிருக்கிறது, பீலியில் கை வைத்ததற்காக. என் கணவர் முதல் வார்த்தையே அதைத்தான் சொன்னார். "குடிக்கிற தண்ணியில கை வைக்க வேணாம். கான் தண்ணிய எடுத்துக்குவோம்."

கான் என்பது தேயிலை மலையில் குறுக்கே வெட்டியிருக்கும் வடிகால். மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி நிற்காமல் ஓரமாக ஓடிப் போவதற்கென்று அந்தக் காலத்தில் வெட்டியது. எங்கள் தாத்தாமார் வெட்டிய கான்கள். இப்போது துப்புரவாக்க ஆள் இல்லாமல் புல் மண்டிக் கிடந்தவை. யாருக்கும் வேண்டாத தண்ணீர் என்று நினைத்தோம். வீடுகளுக்கு மேலே, தோட்டம் கைவிட்ட தேயிலைக்குள், இந்த முறை ஒபிஸில் யாரையும் கேட்காமல், ஒரு தட்டையான இடத்தில் குட்டை ஒன்று வெட்டி, சுற்றியிருந்த கான்களை எல்லாம் மறித்து அதற்குள் திருப்பினோம். அயலாருடைய குடிதண்ணீரில் ஒரு சொட்டைக்கூடத் தொடவில்லை என்ற திருப்தி எங்கள் எல்லாருக்கும் இருந்தது. அந்தத் திருப்தியில்தான் மலைக்கு மேலே ஒரு குளத்தை ஏற்றி வைத்தோம்.

வேலை முடிந்து வந்த ஜனம் பொழுது சாயும்வரை மண் சுமந்தது. யாரும் கூலி கேட்கவில்லை. மீரியபெத்தை அக்காதான் முதல் கூடை மண்ணைச் சுமந்தார். அவர் கை அந்த மண்ணை எடுக்கும்போது என்ன நினைத்தது என்று நான் அன்று யோசிக்கவில்லை. "மூச்சு இருந்தாத்தானே டீச்சர் மத்ததெல்லாம்" என்று மட்டும் சொன்னார்.

சக்கரம் சுற்றிய அன்று மஞ்சள் பூசி, தேங்காய் உடைத்து, டைனமோவுக்குத் திருநீறு பூசினோம். வரிசையில் வீட்டுக்கு ஒரு பல்பு, மீதி எல்லாம் அவருடைய மெஷினுக்கு. அதற்குப் பிறகு கம்பியில் கரண்ட் போனால் யாரும் ஓடி வரவில்லை. மெஷின் கத்தவில்லை, முனகிக்கொண்டே இருந்தது. அவர் முகத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. "நம்ம வீட்டுக்கு நம்ம கரண்டு" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லுவார். நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்க வேண்டியதில்லை, என் வாழ்க்கையில் நான் நிம்மதியாகத் தூங்கிய மாதங்கள் அவைதான்.

பிறகு அந்த மழை வந்தது. ஊவாவில் மழையைப் பற்றி யாருக்கும் நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அது பெய்த மாதிரி நான் பார்த்ததில்லை. முதல் நாளே கம்பி அறுந்தது. கொழுந்தன் சிலிண்டரை நிரப்பக் கீழே போனான், போன பின்னால் ரோட்டில் மண் விழுந்தது. போன் வேலை செய்யவில்லை. மேல் ரோடும் அடைபட்டது. சின்னப் பிள்ளைகளை எல்லாம் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். லயத்துச் சனமும் அங்கேதான் போனது. பள்ளிக்கூடம் எங்கள் சரிவுக்கு நேர் கீழே இருக்கிறது. வேறு பெரிய கட்டடம் எங்களுக்குக் கிடையாது. இத்தனைக்கும் நடுவில் எங்கள் சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. குட்டை நிரம்பித் தளும்பியது. அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு காலையில் அக்கா என்னைக் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் வீட்டுச் சுவரடியில், இதற்கு முன் தண்ணீரே பார்க்காத இடத்தில், ஊற்று ஒன்று கிளம்பியிருந்தது. கலங்கல் தண்ணீர், செம்மண் நிறத்தில். மேலே குட்டைக்கும் வீட்டுக்கும் நடுவில் தேயிலைச் செடிகளுக்கு இடையே நிலம் கீறியிருந்தது. என் கை உள்ளே போகும் அளவுக்குக் கீறல்.

"இது தண்ணியில்ல டீச்சர்" என்றார் அக்கா. "மல பேசுது. எங்க ஊர்லயும் இப்பிடித்தான் மொதல்ல பேசிச்சு."

வரிசையில் இருந்த எல்லாரும் ஒவ்வொருவராக வந்து அந்தக் கீறலைப் பார்த்தார்கள். குட்டையைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்க்காமல் போனார்கள். உடைத்துவிடுங்கள் என்று ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. கீழே பள்ளிக்கூடத்தில் அவரவர் பிள்ளை இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை. அவர்கள் சொல்லியிருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம், நானும் திட்டியிருப்பேன், மண்ணை வாரித் தூற்றியிருப்பேன், கடைசியில் அவர்களே உடைத்திருப்பார்கள். அந்த ஜனம் எனக்கு அந்த உதவியைச் செய்யவில்லை. அவ்வளவு நல்ல ஜனம்.

நான் உள்ளே போய் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஊற்று, கீறல், பிள்ளைகள் எல்லாம். அவருக்கு மலையும் தெரியும், மெஷினும் தெரியும். மூக்கில் குழாயோடு என்னைப் பார்த்தார். உடைத்துவிடு என்று அவர் வாயால் சொல்லிவிடுவார் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "மழ கொறையுற மாதிரிதான் இருக்கு" என்றார். மழை குறையவில்லை. அவர் கோழை இல்லை. சாக மனசு வராத மனுஷன், அவ்வளவுதான். யாருக்குத்தான் வரும்?

பகலுக்குள் கீறல் அகன்றது. நான் குட்டைக்கு ஏறினேன், அக்கா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தார். கரையில் நின்று ஓங்கினார். இறக்க முடியவில்லை. மண்வெட்டியை என் காலடியில் போட்டுவிட்டு, "என் கையால முடியாது டீச்சர், அவரு என் பாத்தியப் பாத்துச் சிரிச்ச மனுசன்" என்று சேற்றிலேயே உட்கார்ந்து அழுதார். நான்தான் எடுத்தேன். மறித்து வைத்த கான்களை முதலில் திறந்துவிட்டேன். பிறகு கரையை வெட்டினேன். மண் கரை, கொஞ்சம் வெட்டினால் போதும், மீதியைத் தண்ணீரே வெட்டிக்கொண்டது. எங்கள் தாத்தாமார் காட்டிய வழியில், ஓரமாக, சத்தம் போட்டுக்கொண்டு எல்லாம் ஓடி இறங்கியது. குழாயில் தண்ணீர் நின்றது. சக்கரம் நின்றதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் வீட்டுக்குள்ளிருந்து மெஷின் கத்தியது மேலே வரைக்கும் கேட்டது.

உள்ளே போனபோது என் கால் முட்டிவரை சேறு. பட்டரியில் மிச்சம் இருந்ததை மெஷினுக்கு மாட்டினேன். அவர் என் காலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"கானெல்லாம் நல்லா ஓடுதா?"

"ஓடுதுங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகும் பேசினோம். தண்ணி குடிக்கிறீர்களா, முதுகைத் தூக்கி விடட்டுமா, அந்த மாதிரிப் பேச்சு. குட்டையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அந்தக் கேள்வி மன்னிப்பா, பழியா, பழைய வேலைக்காரனின் வெறும் விசாரிப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள இனி வழியும் இல்லை. மறு நாள் மழை நின்றது. அதற்கு முன்பே அவர் மூச்சு நின்றிருந்தது.

ரோடு முழுதாகத் திறக்காத நிலையில், கொழுந்தன் நிரப்பிய சிலிண்டரைத் தோளில் சுமந்துகொண்டு சரிந்த மண்ணுக்கு மேலாக நடந்தே வந்தான். வளைவில் திரும்பி வந்தபோது வாசலில் கட்டியிருந்த சாவு வீட்டு வெள்ளைக் கொடியைப் பார்த்தான். சிலிண்டரைக் கீழே வைக்கவும் தோன்றாமல் அப்படியே நின்றான். யாரோ போய் இறக்கி வாங்கினார்கள். அது இன்னும் நிரம்பியபடியே எங்கள் வீட்டு மூலையில் நிற்கிறது. திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைக்கிறேன்.

மலை சரியவில்லை. இதுதான் நான் சொல்ல வந்தது. குட்டை வடிந்த பிறகு அந்தக் கீறல் அப்படியே நின்றுவிட்டது. இப்போது புல் முளைத்துவிட்டது. பிறகு மலைகளைப் பார்வையிட வந்த அதிகாரி ஒருவரிடம், குட்டை இருந்திருந்தால் இறங்கியிருக்குமா என்று கேட்டேன். "இறங்கியிருக்கலாம், இறங்காமலும் இருந்திருக்கலாம், சொல்ல ஏலாது" என்றார். நேர்மையான மனுஷன். அவர் பொய் சொல்லியிருக்கலாம். கட்டாயம் இறங்கியிருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நான் பிழைத்திருப்பேன்.

கம்பியில் கரண்ட் வந்துவிட்டது. வீட்டில் அதற்கு இப்போது பெரிய வேலை இல்லை. சோலர்காரர் போன மாதம் மறுபடியும் வந்தார். கூரையே தேவையில்லாத புதுத் திட்டம் வந்திருக்கிறதாம். வெயில் விழும் ஓர் இடத்தில் எல்லாருக்குமாகத் தகடுகளை வைத்து, வீட்டுக்காரர்கள் பங்கு போட்டுக்கொள்ளலாமாம். மிகவும் நல்ல திட்டம் என்றேன். டீ கொடுத்து அனுப்பினேன். இந்த முறை அவர் டீயை முழுதாகக் குடித்தார்.

காலையில் முகம் கழுவப் பின்பக்கம் போனால் மலை நேரே நிற்கும். எத்தனையோ காலை அதைப் பார்த்து, நீ விழுந்து தொலைத்திருந்தால் என்ன என்று கேட்டிருக்கிறேன். வீடு போயிருக்கும், நானும் போயிருப்பேன், ஆனால் ஆபத்து நிஜம், என் கை வீணாகக் கொல்லவில்லை என்றாவது இருந்திருக்கும். அப்படிக் கேட்ட வாயைக் கழுவிக்கொண்டு, சேலையை உடுத்திக்கொண்டு, கான் ஓரமாகவே இறங்கிப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். அதே மலைக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு வரவு கூப்பிடுகிறேன். அக்காவின் பேரப்பிள்ளை முதல் கடைசி வாங்கில் தூங்கி வழிகிறவன்வரை, ஒரு பெயர் விடாமல், எல்லாரும் இருக்கேன் டீச்சர் என்கிறார்கள்.